இடது கையால் எழுதிய வீட்டுப்பாடம்

கேள்வி: என் மகனுக்கு ஆறரை வயது. சி.பி.எஸ்.இ. பள்ளியில் ஒன்றாம் வகுப்பு படிக்கிறான். நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். கணவருக்கு சாயப்பட்டறையில் நைட் ஷிஃப்ட். பையன் துறுதுறுவென்று இருப்பான். கதை சொன்னால் கேள்விமேல் கேள்வி கேட்பான். ஆனால் நோட்டைத் திறந்தாலே அழுகைதான். தமிழ், இங்கிலீஷ், கணக்கு என்று தினமும் மூன்று பக்கம் எழுதிவரச் சொல்கிறார்கள். நான் வீட்டுக்கு வரவே ஏழரை ஆகிவிடும். அதட்டி, கெஞ்சி உட்கார வைப்பதற்குள் தூங்கிவிழுகிறான். ஷிப்மென்ட் சமயத்தில் ரொம்ப லேட்டானால் நானே இடது கையால் எழுதி வைத்துவிடுவேன், அவன் எழுத்து மாதிரியே இருக்கும். மாமியார் எங்களோடுதான் இருக்கிறார், ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பதால் பாடம் சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லை. போன வாரம் பேரன்ட்ஸ் மீட்டிங்கில் மிஸ், "வீட்டுப்பாடமெல்லாம் நல்லா எழுதிட்டு வர்றான், கிளாஸ்லதான் எழுத மாட்டேங்கிறான், சோம்பேறித்தனம்" என்று சொன்னார். இங்கிலீஷ் சின்ன எழுத்தில் 'பி'யையும் 'டி'யையும் திருப்பித் திருப்பிப் போடுகிறானாம். டியூஷனில் சேர்க்கலாமா, மனநல மருத்துவரிடம் காட்டலாமா, பள்ளியையே மாற்றிவிடலாமா? குழப்பமாக இருக்கிறது.
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்.

பதில்: டியூஷன், டாக்டர், பள்ளிக்கூடம் எல்லாம் அப்புறம் இருக்கட்டும் மகளே. முதலில் உன் இடது கையைப் பற்றிப் பேசிவிடுவோம்.

கடிதத்தில் அந்த வரியை நீ போகிற போக்கில் எழுதிவிட்டு மாமியாருக்குப் போய்விட்டாய். நான் அங்கேயே நின்றுவிட்டேன். பிள்ளைக்கு வீட்டுப்பாடம் எழுதிக் கொடுக்கிற அம்மாக்கள் எனக்குப் புதிதில்லை. வருஷத்துக்குப் பத்துக் கடிதமாவது வரும். ஆனால் எழுத்து கோணலாக விழ வேண்டும் என்பதற்காகவே பென்சிலை இடது கைக்கு மாற்றிய அம்மாவை இப்போதுதான் பார்க்கிறேன். அவனுடைய 'க' எந்தப் பக்கம் சாயும், கோட்டுக்குக் கீழே வால் எவ்வளவு தொங்கும், ரப்பர் போட்ட அழுக்கு எங்கே படிந்திருக்கும் என்றெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்திருப்பாய். பிள்ளையின் எழுத்தை இவ்வளவு கூர்மையாகக் கவனித்த ஒருத்தி, 'பாடம் சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லை' என்று எனக்கு எழுதுகிறாள்!

இப்போது மிஸ் சொன்னதை இன்னொரு தடவை படி. வீட்டில் நன்றாக எழுதுகிறான், வகுப்பில் எழுதுவதில்லை, அதனால் சோம்பேறி. அவர் போட்ட கணக்கில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. அவர் மேஜைக்கு வந்த நோட்டு அப்படித்தான் சொல்கிறது. எழுத வராத பிள்ளை என்று தெரிந்திருந்தால் பக்கத்தில் கூப்பிட்டுக் கையைப் பிடித்து எழுத வைத்திருப்பார். எழுத வந்தும் எழுதாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளையை யாராக இருந்தாலும் அதட்டத்தான் செய்வார்கள். அந்தப் பெயரை அவனுக்கு வாங்கிக் கொடுத்தது நீ. வாங்கிக் கொடுத்ததைக்கூட விட்டுவிடுகிறேன். தூக்கம் சொக்குகிற பிள்ளை, காலையில் திட்டு வாங்கக்கூடாதே என்கிற பயம், மறுநாள் ஏழரைக்குக் கம்பெனி வேன். இரவு பத்து மணிக்கு எந்த அம்மாவுக்கும் கை நீளும். ஆனால் அந்த மிஸ் உன் முகத்துக்கு நேரே அவனைச் சோம்பேறி என்றபோது, "இல்லை மிஸ், அது நான் எழுதியது" என்று ஏன் சொல்லவில்லை? தலையாட்டிவிட்டு எழுந்து வந்திருக்கிறாய். மனசு ஆறாமல் இருப்பது அதற்குத்தான்.

நீ செக்கிங்கில் இருக்கிறவள். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பீஸில் தையல் விட்டிருந்தால் என்ன செய்கிறாய்? விட்ட இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டி, ஆல்டர் என்று அந்த டெய்லருக்கே திருப்பி அனுப்புகிறாய். 'பாவம், அவருக்கு நேரமாகிறது' என்று நீயே ஊசி நூல் எடுத்து உட்கார்ந்தால் சூப்பர்வைசர் விடுவாரா? அந்த டெய்லருக்குத் தன் மெஷினில் நூல் அறுந்து விழுவதே தெரியாது. அடுத்த ஆயிரம் பீஸும் அப்படியேதான் வந்து விழும். வெளிநாட்டுக்காரன் போடுகிற டீ-சர்ட்டுக்குக் காட்டுகிற நியாயத்தை வீட்டில் இருக்கிற பிள்ளைக்கும் காட்டு.

அவன் பக்கம் இருந்தும் பார். நீ எழுதிய பக்கத்தில் மிஸ் 'குட்' போட்டிருப்பார், நட்சத்திரம்கூட ஒட்டியிருப்பார். அதை ஓடிவந்து உன்னிடம் காட்டினானா? காட்டியிருக்க மாட்டான் என்றுதான் நினைக்கிறேன். தான் எழுதினால் அழுகையும் அடித்தலும் திருத்தலும், அம்மா எழுதினால் நட்சத்திரம் என்பது ஆறரை வயதுக்கு நன்றாகவே புரியும். புரிந்த பிறகு பென்சிலைத் தொட அவனுக்கு என்ன தலையெழுத்தா?

மூன்று பக்கம் அதிகம்தான், அதில் உன் கட்சிதான் நான். மனுஷ மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை எலும்பாகவே இருப்பதில்லை, வெறும் குருத்து. ஒவ்வொன்றாகக் கெட்டிப்பட்டு வர வருஷக்கணக்கில் ஆகும், ஆறு வயதிலும் வேலை முடிந்திருக்காது. அந்தக் கையைக் கொண்டு ஒரு நாளில் மூன்று பக்கம் என்பது, பகல் முழுக்க வகுப்பில் எழுதியது போக, கொடுமை. சட்டமும் இதையே சொல்லியிருக்கிறது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதம் உத்தரவு போட்டது. அதே வருஷம் நவம்பரில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகமும் அதையே சுற்றறிக்கையாக அனுப்பியது. அந்த வகுப்புகளுக்குப் புத்தகப் பை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது என்பதும் அதில் உண்டு. அவன் பையைத் தூக்கிப் பார், தெரியும்.

ஆனால் பள்ளிக்கு இதை யார் சொல்வது? வகுப்பில் உள்ள அத்தனை நோட்டும் தினமும் நிறைந்து வந்தால், மூன்று பக்கம் பிள்ளைகளுக்கு லேசாக இருக்கிறது, நாலாக்கலாம் என்றுதான் அவர்கள் நினைப்பார்கள். அந்த அத்தனை நோட்டில் எத்தனை அம்மாக்களின் இடது கை இருக்கிறதோ, யார் கண்டது. உன் பிள்ளையின் நோட்டு அரைப் பக்கத்தோடு போயிருந்தால் அந்த மிஸ்ஸுக்கு அதுவே தகவல். நீ அதை இரவோடு இரவாக மறைத்துவிட்டு, காலையில் பள்ளியை மாற்றலாமா என்று யோசிக்கிறாய். எங்கே போனாலும் நோட்டும் நீயும்தானே கூடப் போகப் போகிறீர்கள்?

விஜயதசமிக்கு அவனைக் கோயிலுக்கோ பள்ளிக்கோ அழைத்துப் போய், தாம்பாளத்து அரிசியில் 'அ' போட வைத்திருப்பீர்கள். அன்றைக்கு என்ன செய்தார்கள்? பெரியவர் ஒருவர் மடியில் வைத்து, அவன் விரலைத் தன் கைக்குள் பிடித்து, அவன் விரலால்தான் எழுத்தை இழுத்தார். அரிசியில் படுவது பிள்ளையின் விரலாகத்தான் இருக்க வேண்டும் என்பது நம் பாட்டன்மாருக்குத் தெரிந்திருந்தது. அதே தாம்பாளத்தை இப்போது வெளியே எடு. ரவையோ கோலப்பொடியோ பரப்பு. 'ட', 'ப' மாதிரி நேர்க்கோடாகப் போடுகிற எழுத்தில் ஆரம்பி, சுழிக்கிற எழுத்தெல்லாம் பின்னால் வரட்டும். தப்பாகப் போனால் தட்டைக் குலுக்கினால் போயிற்று. சிவப்பு மை கிடையாது.

திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணலில்தான் எழுதிப் பழகினார்கள். 1790களில் எழும்பூரில் ஆதரவற்ற பிள்ளைகளின் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்கிற பாதிரியார், நம் ஊர்ப் பிள்ளைகள் இப்படி மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியில் புகுத்தினார். கூடவே, தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற ஏற்பாடும் செய்தார். அது இங்கிலாந்துக்குப் போய் 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் வாங்கியது. இதை இங்கே இழுப்பதற்குக் காரணம் உன் மாமியார்.

எழுதப் படிக்கத் தெரியாது என்று அந்த அம்மாவைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டாய். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அவரைவிட நல்ல துணை கிடையாது. நாலு மணிக்குப் பையன் வருகிறான், நீ ஏழரைக்கு வருகிறாய், நடுவில் மூன்றரை மணி நேரம் அவர் அங்கேதான் இருக்கிறார். சாயந்திரம் வாசல் தெளித்துக் கோலம் போடும்போது அவனையும் குத்தவைக்கச் சொல். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பொடியைக் கிள்ளி, அளவாக விட்டு, புள்ளி பிசகாமல் கோட்டை இழுக்கிறாரே, பென்சில் பிடிக்கத் தேவையான பிடி அதுதான். அவரைக்காய்க்கு நார் எடுக்கட்டும், பட்டாணி உரிக்கட்டும். தாயம் ஆடினால் பன்னிரண்டு வரை கூட்டல் தானாக வந்துவிடும், அப்பத்தாவை ஏமாற்ற முடியாது என்பதும் தெரிந்துவிடும். பிறகு அவன் அன்றைக்கு வகுப்பில் கற்ற இரண்டு எழுத்தை அப்பத்தாவுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். அவர் பேங்கில் கைநாட்டு வைக்கிறவராக இருந்தால், பேர் எழுதப் பழக்குகிற வேலை இவனுக்கு. உனக்கு முன்னால் தப்பு செய்யப் பயப்படுகிற பிள்ளை, அவருக்கு முன்னால் வாத்தியார் ஆகிவிடுவான்.

உன் கணவருக்கு நைட் ஷிஃப்ட் என்பதோடு அவர் கதையை முடித்துவிட்டாய். நான் முடிக்க மாட்டேன். அப்பா சம்பாதிக்கிறார், அம்மா படிக்க வைக்கிறாள் என்கிற பங்கீட்டை நான் என்றைக்கும் ஒத்துக்கொண்டதில்லை. அதுவும் இருவரும் சம்பாதிக்கிற வீட்டில் அதைச் சொல்லவே வெட்கப்பட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வண்டியில் முன்னால் உட்கார வைத்துப் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு சுற்று அழைத்துப் போகட்டும். பல்லடம், அவிநாசி, காங்கயம், தாராபுரம் என்று போர்டைப் பையன் படிக்கட்டும். படித்தது சரியா என்று பஸ்ஸே கண்டக்டர் குரலில் சொல்லிவிடும். பகலில் அவர் தூங்கி எழுந்த பிறகு, அவன் பள்ளிவிட்டு வருகிற நேரத்தில், பத்து நிமிஷம் நோட்டைப் பார்க்கட்டும். அவருக்கும் ஒரு கை இருக்கிறது, அதை இடது வலது என்று பிரிக்கத் தேவையில்லை.

'பி', 'டி' மாறுவதற்கு இந்த வயதில் அலற வேண்டாம். பிறந்ததிலிருந்து அவன் பார்த்த எந்தப் பொருளும் திருப்பிப் பிடித்ததால் பேர் மாறியதில்லை. கரண்டியின் காம்பு எந்தப் பக்கம் இருந்தாலும் கரண்டிதான். எழுத்து மட்டும் வயிறு வலப்பக்கம் இருந்தால் ஒன்று, இடப்பக்கம் இருந்தால் வேறொன்று என்கிறது. ஏழு வயது வரை பல பிள்ளைகள் இதில் தடுமாறுவார்கள். கண்ணையும் காதையும் ஒருமுறை சோதித்துவிடு, அது எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்ய வேண்டியது. இரண்டாம் வகுப்பு பாதியைத் தாண்டியும் எழுத்துக்கும் ஒலிக்கும் முடிச்சு விழவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் போ, அவர் அடுத்த வழியைச் சொல்வார். இப்போதே மனநல மருத்துவரிடம் இந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு போனால், அவர் உன் இடது கைக்குத்தான் வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும்.

டியூஷன் வேண்டாம். எழுதிக் களைத்த கைக்கு இன்னும் இரண்டு மணி நேரம் எழுத்து, அதற்குக் காசு வேறு.

நாளையிலிருந்து நோட்டு எப்படி இருக்கிறதோ அப்படியே போகட்டும். நாலு வரி எழுதினானா, நாலு வரி. அதற்குக் கீழே, 'இதற்கு மேல் அவனால் முடியவில்லை, நான் வற்புறுத்தவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடு. வலது கையால். இந்த வாரம் ஒருநாள் அரை நாள் பர்மிஷன் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போ. 2018 உத்தரவைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், பழைய நோட்டை மிஸ் முன்னால் விரித்து, நீ எழுதிய பக்கங்களில் எல்லாம் ஸ்டிக்கர் ஒட்டிக் காட்டு. எவை என்று உனக்கே மறந்திருந்தால், போவதற்கு முந்தின நாள் அவனைக் கேள். ஒன்றுவிடாமல் காட்டுவான்.