போனை எடுப்பது யார்?

கோத்தகிரி வாசகர் ஒருவர் எழுதுகிறார்: "வயது 58. டீ ஃபேக்டரி நடத்துகிறேன். ஐந்து வருடமாக விடிகாலை 5 மணியிலிருந்து 8 வரை கீதை, திருவாசகம் என்று வாசிப்புதான். அப்போது போனைத் தொடமாட்டேன். ஃபேக்டரிக்குப் பச்சை இலை போடுகிற இலைக்காரர்கள் பணம் கேட்டு அழைத்தால் மனைவி எடுத்துச் சமாளித்துக்கொள்வாள். கீதையை மட்டும் 11 தடவை முடித்துவிட்டேன். ஆனாலும் தொழிலில் மனம் ஒட்டவில்லை. ஃபேக்டரியை மகனிடம் கொடுத்துவிட்டு முழுநேரமும் வாசிப்பில் இறங்கலாமா? அடுத்து எதைப் படிக்கலாம்?"

எதையும் படிக்க வேண்டாம். இலைக் கணக்கு நோட்டை எடுத்துப் படியுங்கள், போதும்.

'சமாளித்துக்கொள்வாள்' என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எப்படி ஐயா சமாளிப்பார்? "பூஜையில இருக்காங்க", "வர்ற வாரம் போட்டுடுவாங்க". உள்ளே நீங்கள் சத்தியத்தைப் பற்றிப் படிக்க, கூடத்தில் அவர் உங்களுக்காகப் பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறார். கடைத்தெருவில் அந்த இலைக்காரர் வீட்டுப் பெண்கள் முகத்தில் விழிக்க வேண்டியவரும் அவர்தான். கட்டியவளைக் கேடயமாக நிறுத்திவிட்டு என்ன வாசிப்பு?

பாக்கி எவ்வளவு என்று எழுதவே இல்லை, கவனித்தேன். நீலகிரியில் இலை போடுகிறவர்களில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர்காரர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியாததா? நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை போனால்தான் ஒரு கிலோ தூள். அது விற்ற விலையில் நூற்றுக்கு 65 பங்கு இலை கொடுத்தவருக்கு, 35 பங்கு ஃபேக்டரிக்கு என்பது தேயிலை வாரியத்தின் கணக்கு. குன்னூர் தேயிலை ஏலத்தில் விலை விழுந்தால் உங்களுக்கும் கையைக் கடிக்கும்தான். அதற்காக அந்த 65 உங்கள் பணமாகிவிடாது.

கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில், பெற்றதற்குத் திருப்பிக் கொடுக்காமல் அனுபவிப்பவனைத் திருடன் என்றே கண்ணன் சொல்கிறான். அதை 11 தடவை தாண்டிப் போயிருக்கிறீர்கள்! (அது தேவர்களுக்குக் கொடுக்க வேண்டியதைப் பற்றி என்று வாதாட வராதீர்கள். தேவர்களுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டுகிற பிள்ளைகள் இல்லை.)

1904இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பன் போகிற ரயிலில் காந்தி, ஆங்கில எழுத்தாளர் ரஸ்கினின் ஒரு புத்தகத்தைப் படித்தார். எல்லா உழைப்புக்கும் ஒரே மதிப்பு என்று அதில் அவருக்குப் பட்டது. ராத்திரி தூக்கமில்லை. ஒரே ஒரு தடவை படித்ததற்கு என்ன செய்தார்? அந்த வருடமே தன் பத்திரிகையையும் அச்சகத்தையும் டர்பன் பக்கத்தில் ஃபீனிக்ஸ் பண்ணைக்குக் கொண்டுபோனார். அங்கே சேர்கிற எல்லோருக்கும் மாதம் 3 பவுண்டு, ஒரே ஊதியம் என்று திட்டம் போட்டார். படித்தது நேராகச் சம்பளப் பட்டியலில் போய் இறங்கியது. உங்கள் ஐந்து வருடம் எந்தக் கணக்கில் இறங்கியது?

மகன் விஷயம். பாக்கியோடு ஃபேக்டரியை அவன் தலையில் கட்டுவதற்குப் பெயர் துறவு இல்லை. அப்பன் வைத்த கடனை அப்பனே அடைக்க வேண்டும். இதில் நான் பழைய காலத்து ஆள்தான். அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, யாருக்கு எத்தனை மாதப் பணம் நிற்கிறது என்று எழுதுங்கள். சின்னத் தோட்டக்காரர்களுக்கு முதலில் கொடுங்கள். பாக்கி தீர்ந்த பிறகு சாவியைக் கொடுப்பதைப் பற்றிப் பேசலாம்.

நாளைக் காலையில் புத்தகத்துக்குப் பக்கத்தில் போனையும் வைத்துக்கொள்ளுங்கள். அடித்தால் நீங்களே எடுத்துத் தேதி சொல்லுங்கள். வீட்டம்மா இன்னும் கொஞ்ச நேரம் தூங்கட்டும்.