ஏழெழுபது தரம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சி,

எனக்கு 46 வயது. பெயர் வேண்டாம். ஒன்பது வயதில் வி.பி.எஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) நடந்த நாட்களில், சபையில் பொறுப்பிலிருந்த ஒருவர், எனக்குப் பெரியப்பா முறை, என்னிடம் தப்பாக நடந்துகொண்டார். 35 வருடம் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு வருடம் முன்பு எங்கள் சபைப் போதகரான ஐயரிடம் சொன்னேன். தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு, "ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொன்னாரே ஆண்டவர், மனதில் வைத்துக்கொண்டிருந்தால் சுகம் வராது" என்றார். மன்னித்தேன் என்று வாயால் சொன்னேன். ஆனால் வருடாவருடம் அசனத்தில் (சபையின் பொதுவிருந்தில்) அந்தப் பெரியப்பாதான் சோற்று வாளியோடு பந்தியில் வருகிறார், எனக்கு வயிறு புரட்டுகிறது. என் மகனை இதுவரை நான் குளிப்பாட்டியதில்லை, எனக்குள்ளும் அது இருக்குமோ என்று பயம். என் விசுவாசம் போதவில்லையா? இந்த வருடம் அசனத்துக்குப் போகவா, வேண்டாமா?

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் அப்படியே வைத்திருந்தேன். விசுவாசத்தில் குறை ஒன்றும் இல்லை. ஏழெழுபது வருகிற வேதாகம அதிகாரத்தை உங்களுக்குப் பாதியில் கிழித்துக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மத்தேயு 18-ஐ முதலிலிருந்து வாசியுங்கள். 22-ஆம் வசனத்தில் ஏழெழுபது வருகிறது, சரி. ஆனால் அதிகாரம் தொடங்குவதே ஒரு பிள்ளையை நடுவில் நிறுத்தி. 6-ஆம் வசனத்தில், இந்தச் சிறியரில் ஒருவனுக்கு இடறல் செய்கிறவன் கழுத்தில் ஏந்திரக்கல்லை (மாவரைக்கும் திரிகைக் கல்லை) கட்டிக் கடலில் அமிழ்த்துவது அவனுக்கு நலம் என்கிறார். 15 முதல் 17 வரை, குற்றத்தை அவனிடமே சொல், கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிப் போ, அப்புறமும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல் என்று வருகிறது. (இதற்காக நீங்கள் தனியாக அவர் வீட்டுக் கதவைத் தட்டப் போகவேண்டாம், உங்களை அங்கே அனுப்ப யாருக்கும் உரிமையில்லை.) இதையெல்லாம் தாண்டித்தான் பேதுரு எத்தனை தரம் மன்னிக்கவேண்டும் என்று கேட்கிறான். நானும் ஒரு காலத்தில் வாலிபர் கூட்டத்தில் ஏழெழுபதை மட்டும் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசியவன்தான், கேட்டுக்கொண்டிருந்த பையன்களில் எத்தனை பேர் அன்று வாயை மூடிக்கொண்டார்களோ என்று நினைத்தால் இப்போது கூசுகிறது.

நம் ஊரில் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் ஜான் ஸ்மைத் என்று ஒரு பெரிய வக்கீல், கிறிஸ்தவ முகாம்களில் முக்கியப் புள்ளி, பையன்களைத் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகைக்குக் கூட்டிப்போய் ரத்தம் வரப் பிரம்பால் அடித்தார், பாவத்துக்குச் சிட்சை என்று சொல்லி. 1982-லேயே அதைப் பற்றி அறிக்கை எழுதிவிட்டார்கள், போலீசுக்குப் போகவில்லை. மனிதர் ஜிம்பாப்வே போய் அங்கேயும் முகாம் நடத்தினார். 2024 நவம்பரில் முழு விசாரணை அறிக்கை வெளிவந்த பிறகுதான் இங்கிலாந்து திருச்சபையின் தலைமைப் பேராயரான கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலகுவதாக அறிவித்தார். அடிபட்ட பையன்களுக்கு அதற்குள் அறுபது வயதை ஒட்டி ஆகிவிட்டது.

அண்ணன்மாரால் விற்கப்பட்ட யோசேப்பைக்கூட உடனே மன்னித்தவன் என்றே பிரசங்கிக்கிறார்கள். ஆதியாகமம் 42-இல் அண்ணன்மாரைப் பார்த்ததும் அவன் அந்நியன்போலக் காட்டிக்கொள்கிறான், நடுவில் மொழிபெயர்ப்பவனை வைத்துப் பேசுகிறான், தள்ளிப்போய் அழுதுவிட்டு வருகிறான். அவர்கள் மாறிவிட்டார்களா என்று சோதித்துப் பார்த்து, யூதா தம்பிக்குப் பதிலாகத் தன்னையே அடிமையாகக் கொடுக்க முன்வந்த பிறகுதான் தான் யார் என்று சொல்கிறான். உங்கள் பெரியப்பா எதையாவது ஒத்துக்கொண்டாரா?

எனக்குத் தெரிந்த ஒருவருக்கு உங்களைப்போலவே நடந்திருக்கிறது. ஜெபக்கூட்டத்தில் எண்ணெய் தொட்ட விரல் நெற்றியில் பட்டதும் நாற்காலியோடு பின்னால் விழுந்துவிட்டார். பிசாசு அலறுகிறது என்று சுற்றி நின்றவர்கள் இன்னும் சத்தமாக ஜெபித்தார்களாம். பாவம், அந்த உடம்பு ஒன்பது வயதில் கற்றுக்கொண்டதைத்தான் செய்தது. பிற்பாடு கவுன்சிலிங் போனார். முதல் நாள் உட்கார்ந்ததும் அந்த அம்மா கேட்டது, "கதவைத் திறந்தே வைக்கட்டுமா, சாத்தட்டுமா?" அப்படி ஒரு கேள்வியை வாழ்க்கையில் யாரும் தன்னிடம் கேட்டதில்லை என்று அவர் சொல்லும்போது குரல் உடைந்தது. இப்போதும் கோயிலுக்குப் போகிறார், வாசல் பக்கத்துக் கடைசி பெஞ்சு. தொடாமல் ஜெபியுங்கள் என்று ஐயரிடம் முன்னாலேயே சொல்லி வைத்திருக்கிறார். நீங்களும் சொல்லலாம்.

மகன் விஷயத்துக்கு வருகிறேன். மத்திய அரசு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களில் பாலியல் கொடுமை நடந்ததாகச் சொன்ன பிள்ளைகளில் பாதிக்கு மேல் பையன்கள். இப்படிப் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானவர்கள் வளர்ந்து எந்தப் பிள்ளையையும் தப்பாகத் தொடுவதில்லை. இந்தப் பயத்தை முதலில் உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள், அப்புறம் கவுன்சிலரிடம். தனியாகச் சுமந்து சுமந்துதான் அது இவ்வளவு பெரிதாகியிருக்கிறது.

ஒன்று மட்டும் தள்ளிப்போட முடியாது. அந்தப் பெரியப்பா இன்னும் சிறுபிள்ளைகள் நடுவில் இருக்கிறாரா? பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-இன் போக்சோ சட்டம் பையன்களுக்கும் உண்டு. உங்களுக்கு நடந்தது அதற்கு முந்தியது, அந்தச் சட்டத்துக்குள் வராது, மற்ற வழி என்ன என்று ஒரு வக்கீலிடம் கேளுங்கள். ஆனால் இன்று ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் போலீசுக்குச் சொல்லியே ஆகவேண்டும், சட்டமே அப்படி. பிள்ளைகளுக்கான உதவி எண் 1098-க்கும் சொல்லலாம்.

அசனத்துக்குப் போகாதீர்கள். யாராவது கேட்டால் வயிறு சரியில்லை என்று சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை.