அறைக்குள் நடந்த கூட்டத்துக்கும் தாள் உண்டு

மின்சாரம், மாசு, தொலைபேசி என்று ஒவ்வொன்றையும் கண்காணிக்க ஓர் ஒழுங்குமுறை அமைப்பு இருக்கிறது. அந்த அதிகாரிகள் கம்பெனிக்காரர்களைத் தனியாகச் சந்திப்பது பற்றி நம் நெல்லைச் சீமையிலிருந்து பலர் கேட்டிருக்கிறார்கள். பல வருஷமாகத் தகவல் உரிமை மனு எழுதிக்கொடுத்து வருகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

வள்ளியூர்: அண்ணாச்சி, காத்தாடி (காற்றாலை) கம்பெனிக்காரர்கள் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தில் உள்ளவர்களைத் தனியாகப் பார்த்தால் தப்பா?

பார்ப்பதே தப்பு என்று சொல்ல முடியாது தம்பி. தொழில் நடத்துகிறவனிடம் பேசாமல் விதி எழுத முடியாது. ஆனால் அந்தக் கம்பெனியின் மனு ஆணையத்தின் முன் நிலுவையில் இருக்கும்போது ஒரு தரப்பை மட்டும் அறைக்குள் கூப்பிட்டுப் பேசினால், எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்லும் வாய்ப்பே போய்விடுகிறது. அது இயற்கை நீதிக்கு விரோதம். மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 86(3) மாநில ஆணையம் வெளிப்படையாகச் செயல்பட வேண்டும் என்கிறது. கட்டணம் நிர்ணயிக்கும் முன் பொதுமக்களின் ஆட்சேபங்களைப் பரிசீலிக்கச் சொல்கிறது பிரிவு 64.

அம்பாசமுத்திரம்: யார் யாரைச் சந்தித்தார்கள் என்று எழுதிவைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா ஐயா?

எல்லா அமைப்புகளுக்கும் பொதுவாக அப்படி ஒரு சட்டம் நம் நாட்டில் இல்லை. எனக்குப் பெரிய மனக்குறையே அதுதான். அமெரிக்காவில் 1976இலேயே சட்டம் போட்டு, பல உறுப்பினர் கொண்ட ஆணையங்களின் கூட்டங்களைத் திறந்துவிட்டார்கள். மூடித்தான் நடத்த வேண்டும் என்றால் அதற்கென்று சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று இருக்க வேண்டும். இங்கே 2016இல், பேசும்போதே அழைப்பு அறுந்துபோனால் இழப்பீடு தரச் சொன்ன டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அது வெளிப்படையாக உருவாக்கப்படவில்லை என்பதும் ஒரு காரணம். அமெரிக்கா மாதிரி ஒரு நடைமுறைச் சட்டம் கொண்டுவர நாடாளுமன்றம் யோசிக்க வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு கேட்டுக்கொண்டது.

கங்கைகொண்டான்: சரி, இப்போதைக்கு எங்களுக்கு என்ன வழி?

தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005தான். ஓர் அமைப்பிடம் என்னென்ன குழுக்கள் உண்டு, அவற்றின் கூட்டம் மக்களுக்குத் திறந்ததா, நடவடிக்கைக் குறிப்பைப் பார்க்கலாமா என்பதை யாரும் கேட்காமலே அவர்கள் வெளியிட வேண்டும். பிரிவு 4(1)(பி)-இல் அது இருக்கிறது.

மனு எழுதும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். “கம்பெனியோடு ரகசியமாகப் பேசினீர்களா?” என்று கேட்டால் “இது தகவல் அல்ல, கேள்வி” என்று மனு திரும்பிவிடும். தாளைக் கேளுங்கள். குறிப்பிட்ட இரண்டு தேதிகளுக்கு இடையே உள்ள பார்வையாளர் பதிவேட்டின் நகல், கூட்ட அறிவிப்பு, வந்தவர்களின் கையொப்பப் பட்டியல், நடவடிக்கைக் குறிப்பு, பயணப்படிப் பட்டியல் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கடிதங்கள் இருக்கும் நடப்புக் கோப்போடு, அதிகாரிகள் தங்கள் கருத்தை எழுதும் குறிப்புக் கோப்பையும் கேட்க மறக்காதீர்கள். “நேரில் விவாதிக்கப்பட்டது” என்று அதிகாரி ஓரத்தில் எழுதும் ஒற்றை வரி அதில்தான் கிடக்கும்.

ஓர் அலுவலகத்தில் பதிவேடே இல்லை என்று எனக்கு எழுதிக்கொடுத்தார்கள். மேல்முறையீட்டில் நேரில் பார்வையிட அனுமதி கேட்டேன். வாசல் காவலரின் மேசை மேலேயே இருந்தது! அன்றிலிருந்து நகலோடு பார்வையிடலையும் சேர்த்தே கேட்கிறேன்.

மாநில அலுவலகம் என்றால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம்.

பாளையங்கோட்டை: “வணிக ரகசியம்” என்று எழுதி முடித்துவிட்டார்கள் சார்.

பிரிவு 8(1)(டி) அப்படி மறுக்க இடம் தருகிறது, உண்மைதான். ஆனால் ரகசியமான வரிகளை மறைத்துவிட்டு மிச்சத்தைத் தர வேண்டும் என்கிறது பிரிவு 10. தயாரிப்பு முறை ரகசியமாக இருக்கலாம். எந்தத் தேதியில் யார் வந்தார் என்பது எப்படி வணிக ரகசியமாகும்? மேல்முறையீட்டில் இதையே கேளுங்கள். பொதுநலன் பெரிதென்றால் விலக்கு பெற்ற தகவலையும் தரலாம் என்னும் 8(2)-ஐயும் சேர்த்து எழுதுங்கள்.

ராதாபுரம்: கல்குவாரி கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நாங்கள் சொன்னதை எழுதினார்களா என்று எப்படித் தெரியும் அண்ணாச்சி?

2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி கூட்டம் முழுவதும் வீடியோ எடுக்கப்பட வேண்டும். முடிவில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பிரதிநிதி சுருக்கத்தை எழுதி, கூடியிருப்பவர்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். பெரும்பாலும் அந்த நேரத்தில் நம் ஆட்கள் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து போகாதீர்கள். வாசிக்கும்போது விடுபட்டதை எழுந்து சொல்லுங்கள். அப்புறம் வீடியோ நகலுக்கு மனுப் போடுங்கள். திட்டத்துக்கு அனுமதி தரலாமா என்று ஆராயும் மதிப்பீட்டுக் குழு தனியாகக் கூடுவது கருத்துக்கேட்புக்குப் பிறகுதான். அதன் நடவடிக்கைக் குறிப்பும் இணையத்தில் வர வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

களக்காடு: என் பெயரில் மனுப் போட்டால் ஊரில் பிரச்சினை வருமோ என்று பயமாக இருக்கிறது.

பயம் நியாயம்தான் அம்மா. ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்கக் கூடாது. பிரிவு 6(2) தடுக்கிறது. இன்னொன்று, பாதிக்கப்பட்டவரே கேட்க வேண்டும் என்பதும் இல்லை. எந்த இந்தியக் குடிமகனும் கேட்கலாம். சென்னையில் வேலை பார்க்கும் உங்கள் மகன் அங்கிருந்தே போடட்டும். வரைவை நான் எழுதித் தருகிறேன்.