மண்ணில் புரண்டு வரும் பிள்ளை பள்ளிக்குத் தயாராகுமா?

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். நாலரை வயது மகள், ஊரில் எல்கேஜி முடித்தவள். ஆங்கில எழுத்தெல்லாம் எழுதுவாள், நூறு வரை சொல்வாள். ஜெர்மனிக்கு வந்து கிண்டர்கார்டனில் சேர்த்ததிலிருந்து பென்சிலைத் தொடவே இல்லை, தினமும் சட்டை நிறைய மண்ணோடு வருகிறாள். இன்னும் ஒன்றரை வருஷத்தில் பள்ளி. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஈடுகொடுப்பாளா, வீட்டிலேயே டியூஷன் மாதிரி ஏதாவது ஆரம்பிக்கலாமா, தமிழை நிறுத்திவிட்டு ஜெர்மனிலேயே பேசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

டியூஷன் வேண்டாம். தமிழை நிறுத்தவே வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில், உங்கள் மகள் யாரைவிடவும் பின்தங்கவில்லை. இங்கே ஒன்றாம் வகுப்பு முதல் எழுத்திலிருந்துதான் தொடங்குகிறது. பெரும்பாலான பிள்ளைகள் தங்கள் பெயரை மட்டும் கோணல்மாணலாக எழுதக் கற்றுக்கொண்டு போவார்கள், அதுவும் தெரியாமல் போகிறவர்களும் உண்டு. பள்ளியில் சேருவதற்கு முன் சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு பரிசோதனைக்குக் கூப்பிடுவார்கள். மாநிலத்துக்கு மாநிலம் விவரம் மாறும், ஆனால் பார்ப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: கண் தெரிகிறதா, காது கேட்கிறதா, ஒற்றைக்காலில் குதிக்க வருகிறதா, ஒரு வடிவத்தைப் பார்த்து வரைய முடிகிறதா, இரண்டு குவியலில் எதில் அதிகம் என்று தெரிகிறதா, படத்தைப் பார்த்துப் பேச வருகிறதா. எழுத்துகளை வரிசையாக ஒப்பிக்கச் சொல்வதில்லை.

இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு நாள் கிண்டர்கார்டனில் நடப்பதைப் பாருங்கள். அங்கே பாடம் நடக்கிறதா இல்லையா என்பது அப்போது வேறு மாதிரி தெரியும்.

ஆறு பேர் உட்காரும் மேசைக்குத் தட்டும் கோப்பையும் வைக்கும் வேலை அன்று உங்கள் மகளுக்கு என்று வையுங்கள். ஐந்து கோப்பைதான் எடுத்து வந்தாள், ஒருத்திக்கு இல்லை. போய் இன்னொன்று எடுத்து வருகிறாள். ஒரு ஆளுக்கு ஒரு கோப்பை என்று பொருத்துவதும், ஒன்று குறைகிறது என்று கண்டுபிடிப்பதும்தான் கணக்கின் அடித்தளம். நூறு வரை ஒப்பிக்கிற பல பிள்ளைகளுக்கு “ஏழு பொத்தான் எடுத்துக்கொடு” என்றால் தடுமாற்றம் வரும், ஏனென்றால் அவர்களுக்கு எண்ணிக்கை ஒரு பாட்டாகத்தான் தெரியும். கட்டைகளை அடுக்கும்போதும் இதேதான்: இரண்டு சின்னக் கட்டை சேர்ந்தால் ஒரு பெரிய கட்டையின் நீளம், அகலமானதைக் கீழே வைக்காவிட்டால் கோபுரம் விழும். யாரும் சொல்லித் தரவில்லை, விழுந்ததைப் பார்த்துத் தானே தெரிந்துகொள்கிறாள்.

கத்தரிக்கோலால் வெட்டுவது, மணி கோர்ப்பது, களிமண் பிசைவது, ஏணியில் தொங்குவது எல்லாம் விரலுக்கும் மணிக்கட்டுக்கும் தோளுக்கும் வலு சேர்க்கிற வேலைகள். அந்த வலு வந்த கைக்குப் பென்சில் பிடிப்பது பெரிய விஷயமே இல்லை. வலு வராத கையில் மூன்று வயதிலேயே பென்சிலைத் திணித்தால் தவறான பிடியே பழகிப்போகும், அதை மாற்றுவதுதான் பிறகு பெரிய பாடு.

அப்புறம் காலை வட்டம். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பாடுவார்கள், தங்கள் பெயரை அசை அசையாகப் பிரித்துக் கை தட்டுவார்கள், ஒரே மாதிரி முடிகிற சொற்களைத் தேடுவார்கள். பார்க்க வெறும் கூத்தாக இருக்கும். ஆனால் வாசிப்புக்குத் தேவையான முதல் திறமை அதில்தான் இருக்கிறது. ஒரு சொல் சின்னச் சின்ன ஒலிகளால் ஆனது என்று காதுக்குப் பிடிபட்டால்தான், பிறகு அந்த ஒலிக்கு ஓர் எழுத்து என்று சொல்லும்போது மண்டையில் ஏறும். அதே வட்டத்தில் இன்னொருவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கவும், எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னது தனக்கும்தான் என்று புரிந்துகொள்ளவும் பழகுகிறாள். இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை முதலில் எதிர்பார்ப்பது இதைத்தான்.

கிண்டர்கார்டன் என்ற இந்த முறையைத் தொடங்கி வைத்த ஃபிரீட்ரிஷ் ஃப்ரோபல் இந்த நாட்டுக்காரர்தான். 1837-ல் துரிங்கியா மாநிலத்தில் இருக்கிற பாட் பிளாங்கன்பர்க் ஊரில் ஆரம்பித்தார், பந்து, கனசதுரம், உருளை, கட்டைகள் என்று விளையாட்டுப் பொருள்களை அவரே வடிவமைத்தார். 1851-ல் அன்றைய ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யா, இது நாத்திகமும் சோஷலிசமும் பரப்புகிறது என்று சொல்லித் தடையே செய்தது, 1860-ல்தான் தடை நீங்கியது. குழந்தைகள் கட்டை அடுக்குவதைப் பார்த்து ஒரு அரசாங்கம் பயந்திருக்கிறது!

சரி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. நம் பிள்ளைகள் இங்கே உண்மையிலேயே பின்தங்குகிற இடம் ஒன்று உண்டு. எழுத்திலோ எண்ணிலோ இல்லை, தன் வேலையைத் தானே செய்வதில். நாம்தான் ஊட்டிவிடுகிறோம், நாம்தான் ஷூ மாட்டுகிறோம், ஜிப்பை இழுக்கிறோம், மூக்கைத் துடைக்கிறோம். அன்பினால் செய்கிறோம், பாதி நேரம் அவசரத்தினாலும் செய்கிறோம். கிண்டர்கார்டனில் குளிர்காலத்தில் கவனியுங்கள்: வெளியே போவதற்குத் தடித்த காற்சட்டை, பூட்ஸ், ஜாக்கெட், தொப்பி, கையுறை. மூன்று வயதுப் பிள்ளை கால் மணி நேரம் அதோடு மல்லுக்கட்டும். பொறுப்பில் இருப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார், பிள்ளை கேட்டால்தான் கை கொடுப்பார். புதிதாக வந்த நம் அம்மாக்களுக்கு இது கல்நெஞ்சமாகத் தோன்றும். எனக்கு அந்தக் கால் மணி நேரம்தான் அன்றைய மிக நல்ல பாடமாகப் படும். எந்தக் கையுறை முதலில், எது பிறகு, வராவிட்டால் வேறு எப்படி, உதவி வேண்டுமென்றால் எந்த வார்த்தையில் கேட்பது என்று அதற்குள் எவ்வளவோ இருக்கிறது. பள்ளிக்குப் போனால் விளையாட்டு வகுப்புக்கு உடை மாற்றுவது, பையை அடுக்குவது, கழிப்பறைக்குப் போய்வருவது எல்லாம் தனியாகத்தான். அதில் தடுமாறுகிற பிள்ளைக்குப் பாடம் கவனிக்கத் தெம்பு மிஞ்சாது.

அதனால் வீட்டில் எழுத்துப் பயிற்சிப் புத்தகம் வாங்குவதற்குப் பதிலாக, காலையில் பத்து நிமிஷம் முன்னதாக எழுப்பி, அவளே உடுத்திக்கொள்ள விடுங்கள். அவளாகவே எழுத ஆசைப்பட்டால் தாராளமாக எழுதட்டும், தடுக்க வேண்டாம்.

மொழிக்கு வருகிறேன். புது மொழிக்குள் விழுந்த பிள்ளை சில மாதங்கள் வாயே திறக்காமல் இருப்பது சகஜம். அந்தச் சமயத்தில் எல்லாவற்றையும் கேட்டு உள்ளே சேர்த்துக்கொண்டிருக்கும். நீங்களும் உங்கள் மனைவியும் இப்போதுதான் ஜெர்மன் படிக்கிறீர்கள். நீங்கள் தட்டுத்தடுமாறிப் பேசும் ஜெர்மனால் அவளுக்கு லாபம் குறைவு, நஷ்டம் அதிகம். ஏன் மழை வருகிறது, நேற்று ஏன் கோபம் வந்தது, கதையில் நரி ஏன் பொய் சொன்னது என்பதையெல்லாம் விரிவாகப் பேச உங்களுக்குத் தமிழில்தான் முடியும். காரணம் சொல்லவும் வரிசையாக விவரிக்கவும் ஒரு மொழியில் பழகிய பிள்ளை, அடுத்த மொழிக்குச் சொற்களை மட்டும் தேடினால் போதும். விடுகதையும் எதுகை வைத்த பாட்டும் தமிழில் நிறையச் சொல்லுங்கள், மேலே சொன்ன காதுப் பயிற்சி அதிலும் உண்டு.

ஜெர்மன் அவளுக்கு மற்ற பிள்ளைகளிடமிருந்து வரட்டும். வாரத்தில் ஒரு மதியம் அவளுக்குப் பிடித்த ஒரு பிள்ளையை வீட்டுக்குக் கூப்பிடுங்கள், பெற்றோரிடம் பேசக் கூச்சமாக இருந்தால் ஒரு சின்ன சீட்டு எழுதிக் கொடுத்தாலே வேலை முடியும். போதவில்லை என்றால் உதவியும் இருக்கிறது. உதாரணமாக பவேரியாவில் பள்ளிக்கு முந்தைய ஒன்றரை ஆண்டில் 240 மணி நேர ஜெர்மன் முன்பயிற்சி உண்டு, அதைக் கிண்டர்கார்டனும் தொடக்கப்பள்ளியும் பகிர்ந்து நடத்துகின்றன. மற்ற மாநிலங்களில் வேறு ஏற்பாடுகள்.

எல்லாம் பொன் என்று சொல்லமாட்டேன். ஆள் பற்றாக்குறை பல இடங்களில் இருக்கிறது. இன்று சீக்கிரம் மூடுகிறோம், நாளை அவசரத் தேவைக்காரர்கள் மட்டும் வாருங்கள் என்று திடீரென்று தகவல் வரும். பள்ளிக்குப் போகப்போகும் கடைசி வருஷப் பிள்ளைகளுக்கென்று தனியாக நடத்தும் நேரமும் இடத்துக்கு இடம் மாறும், சில இடங்களில் வெறும் பேருக்குத்தான். விளையாட விட்டால் எல்லாம் தானாக வந்துவிடும் என்பதும் சரியல்ல, பக்கத்தில் இருந்து கவனித்து, சரியான நேரத்தில் ஒரு கேள்வியோ ஒரு புதுப் பொருளோ கொடுக்கிற ஆள் வேண்டும்.

அதைத் தெரிந்துகொள்ள நல்ல வாய்ப்பு, பெற்றோரோடு வழக்கமாக ஆண்டுக்கு ஒரு முறையாவது வைக்கிற வளர்ச்சி உரையாடல். அங்கே போய் “எழுத்து எப்போது சொல்லித் தருவீர்கள்” என்று கேட்காதீர்கள், உரையாடல் அந்த இடத்திலேயே திசைமாறிவிடும். யாரோடு விளையாடுகிறாள், சண்டை வந்தால் என்ன செய்கிறாள், உதவி வேண்டுமென்றால் கேட்கிறாளா, எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வதைப் புரிந்து செய்கிறாளா, கத்தரிக்கோல் பிடிக்கிறாளா என்று கேளுங்கள். பல மாதம் கழிந்தும் தனியாகவே ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று சொன்னால், மொழிதான் காரணம் என்று விட்டுவிடாமல் குழந்தை மருத்துவரிடம் காதையும் ஒரு முறை பரிசோதித்துவிடுங்கள். அவளுடைய படங்களும் குறிப்புகளும் கோத்து வைத்த ஒரு கோப்பு அநேகமாக இருக்கும், அதைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொரு வேலை: நீச்சல் கற்றுக்கொடுக்க நினைத்தால் வகுப்புக்கு இப்போதே பெயர் கொடுங்கள். பல ஊர்களில் காத்திருப்புப் பட்டியல் நீளம்.

கடைசியாகப் பள்ளி சேரும் தேதி. நார்த் ரைன் வெஸ்ட்ஃபாலியாவில் செப்டம்பர் 30-க்குள் ஆறு வயது முடிகிற பிள்ளைகள் அந்த வருஷமே பள்ளிக்குப் போக வேண்டும். மற்ற மாநிலங்களில் இந்தத் தேதி வேறாக இருக்கலாம், பெயர் பதிவதும் பல இடங்களில் ஏறக்குறைய ஒரு வருஷம் முன்பே தொடங்கிவிடும். தேதியை ஒட்டிப் பிறந்த பிள்ளை என்றால் இந்த வருஷமா அடுத்த வருஷமா என்று கிண்டர்கார்டனோடு முன்கூட்டியே பேச வேண்டிவரும். நீங்கள் எந்த மாநிலம், மகள் பிறந்தது எந்த மாதம் என்று எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.