மளிகை கிரெடிட் கார்டில், தசமபாகம் சம்பளத்தில்: ஒரு பெங்களூரு குடும்பத்தின் கேள்வி

கேள்வி: நாங்கள் பெங்களூரு லிங்கராஜபுரத்தில் இருக்கிறோம். என் கணவருக்கு 44 வயது. 11 வருடம் வேலை பார்த்த சாஃப்ட்வேர் கம்பெனியில் நான்கு மாதத்துக்கு முன் ஆட்குறைப்பு என்று அனுப்பிவிட்டார்கள். நான் பள்ளி ஆசிரியை, கைக்கு வருவது 34,000 ரூபாய். இருவர் சம்பளத்திலும் சேர்த்து மாதம் 15,000 தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒன்று, சபைக்குக் கொடுத்து வந்தோம். நிறுத்தினால் தேவனை வஞ்சித்ததாகிவிடும் என்ற பயத்தில், மளிகையையும் ஸ்கூல் ஃபீஸையும் கிரெடிட் கார்டில் போட்டுவிட்டு என் சம்பளத்திலிருந்து காணிக்கையைத் தொடர்கிறேன். கார்டு பாக்கி 62,000 ஆகிவிட்டது. வீட்டுக் கடன் தவணை 31,000, மாமியாருக்கு மருந்து, இரண்டு பிள்ளைகள் படிப்பு எல்லாம் சேர்ந்து மாதச் செலவு 66,000. டெபாசிட் 4.2 லட்சம், பி.எஃப். 14 லட்சம் இருக்கிறது. கிராஜுவிட்டி (பணிக்கொடை) இன்னும் வரவில்லை. ஆலயக் கட்டட நிதிக்கு 1 லட்சம் தருவதாகப் பொருத்தனை (நேர்ச்சை) பண்ணி, 40,000 கொடுத்திருக்கிறோம். ஒரு சின்ன கம்பெனியில் 50,000 சம்பளத்துக்குக் கணவரைக் கூப்பிடுகிறார்கள். 'கர்த்தர் என்னை வாலாக்காமல் தலையாக்குவார்' என்று போக மறுக்கிறார். பி.எஃப். பணத்தை எடுத்து எல்லாவற்றையும் அடைத்துவிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் அந்தப் பயத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். அது தீராமல் நான் என்ன கணக்கு போட்டுக் கொடுத்தாலும் நீங்கள் மறுபடி கார்டைத்தான் எடுப்பீர்கள்.

தசமபாகம் கொடுக்காதவர்கள் தேவனை வஞ்சிக்கிறார்கள் என்று சொல்லும் மல்கியா 3-ஆம் அதிகாரத்தைத்தான் மனதில் வைத்து எழுதியிருக்கிறீர்கள். சரி, அந்தத் தசமபாகம் எதிலிருந்து கொடுக்கப்பட்டது? உபாகமம் 14-ஐப் பாருங்கள்: வயலில் விளைந்ததில் பத்தில் ஒன்று. விளைச்சல் குறைந்த வருடம் பத்தில் ஒன்றும் குறைந்தது. பக்கத்து வீட்டில் தானியம் கடன் வாங்கி அதில் பத்தில் ஒன்று கொடு என்று எங்கும் இல்லை. அதே அதிகாரத்தின் கடைசியில், மூன்றாம் வருடத் தசமபாகம் ஆலயப் பணி செய்த லேவியருக்கும் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் போய்ச் சேரவேண்டும் என்று இருக்கிறது. இல்லாதவர் சாப்பிடத்தான் அந்த ஏற்பாடு.

லேவியராகமத்தில் இன்னொன்றும் உண்டு. பிள்ளை பெற்றபின் காணிக்கையாக ஆட்டுக்குட்டி கொண்டுவர வசதி இல்லாதவள் இரண்டு புறாக்கள் கொண்டுவரலாம். இயேசுவைக் குழந்தையாகத் தேவாலயத்துக்கு எடுத்துப்போனபோது மரியாளும் யோசேப்பும் அந்த ஏழைகளின் காணிக்கையைத்தான் செலுத்தினார்கள் என்று லூக்கா 2 சொல்கிறது. யோசேப்பு கடன் வாங்கி ஆட்டுக்குட்டி வாங்கவில்லை.

ஆகவே இப்போது உங்கள் வீட்டு வருமானம் 34,000. அதில் பத்தில் ஒன்று 3,400. கொடுக்க மனமிருந்தால் அதைக் கொடுங்கள். 15,000 என்பது போன வருட விளைச்சலின் கணக்கு. கார்டு வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வைத்தால் 62,000-க்கு 2,170 ரூபாய் ஆகிறது. நீங்கள் நியாயமாகக் கொடுக்கவேண்டிய தசமபாகத்தில் பாதிக்கு மேல் மாதாமாதம் வட்டியாகப் போகிறது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

டெபாசிட்டை உடைத்துக் கார்டு பாக்கியை இந்த வாரமே முழுசாக அடைத்துவிடுங்கள். மினிமம் மட்டும் கட்டிக்கொண்டு ஓட்டாதீர்கள்.

பி.எஃப். பக்கம் போகவேண்டாம். 2024-25-க்கு 8.25 சதவீத வட்டி தந்த பணம் அது. உங்கள் இருவரின் முதுமைக்கு வேறு எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. கிராஜுவிட்டியைத்தான் விரட்டிப் பிடிக்கவேண்டும். தோராயக் கணக்குக்கு, கடைசி அடிப்படைச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வேலை பார்த்த வருடங்களால் பெருக்குங்கள். அடிப்படை 46,000 என்றால் 11 வருடத்துக்கு ஏறக்குறைய 2.92 லட்சம் வரும். 30 நாளைக்குள் கொடுக்கவேண்டும் என்பது சட்டம், தாமதத்துக்கு வட்டியும் கேட்கலாம். எழுத்து மூலமாகக் கேளுங்கள். அது கிடைக்காவிட்டால் தொழிலாளர் துறையிடம் மனு கொடுக்கலாம். உரிமையைக் கேட்பது விசுவாசக் குறைவு இல்லை.

டெபாசிட்டும் கிராஜுவிட்டியும் சேர்ந்து 7.12 லட்சம். கார்டு பாக்கி 62,000 போக, மருத்துவக் காப்பீட்டுக்கு 40,000 ஒதுக்கினால் மிச்சம் 6.1 லட்சம். (ஆபீஸ் காப்பீடு வேலையோடு போயிருக்கும். சொந்த பாலிசியைத் தள்ளிப்போடாதீர்கள், ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு மூன்று வருடம் வரை இருக்கலாம்.) மாதம் 15,000 கொடுத்தால் இந்தப் பணம் 13 மாதத்தில் தீரும். 3,400 கொடுத்தால் 17 மாதம் வரும். வீட்டுக் கடன் வங்கியிடமும் தவணை தவறும் முன்பே போய், கடன் காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்கமுடியுமா என்று கேளுங்கள். 90 நாள் நிலுவையானால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும், அப்புறம் பேரம் பேசுவது கஷ்டம்.

இப்போது உங்கள் கணவரிடம் ஒரு வார்த்தை. இதை அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

சகோதரரே, 'வாலாக்காமல் தலையாக்குவார்' என்ற வசனத்தைச் சம்பள அளவாக வாசிக்காதீர்கள். அப்போஸ்தலர் 18-இல் பவுல் கொரிந்து பட்டணத்துக்கு வந்து ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில் தங்கி, அவர்களோடு கூடாரம் தைத்தார். சபைகளை நாட்டியவர் தன் கைத்தொழிலில் உட்கார்ந்ததால் சிறுத்துப்போகவில்லை. நீங்கள் அந்த 50,000 வேலைக்குப் போனால் வீட்டு வருமானம் 84,000, செலவு 66,000. சேமிப்பைத் தொடாமல் 8,400 முழுத் தசமபாகம் கொடுத்து, இன்னும் 9,600 மிஞ்சும். நல்ல வேலையை அங்கிருந்தபடியே தேடலாம். உங்கள் மனைவி கார்டைத் தேய்த்துக் காப்பாற்றப் பார்ப்பதை உங்கள் உழைப்பு ஒரே மாதத்தில் நேராக்கிவிடும்.

பொருத்தனையில் பாக்கி 60,000. அது கொடுத்த வாக்கு, ரத்து பண்ணச் சொல்லமாட்டேன். சேகரக் கமிட்டிக்கு (சபை நிர்வாகக் குழுவுக்கு) ஒரு கடிதம் எழுதி, வேலை நிலைத்த பிறகு தவணையாகத் தருகிறோம் என்று கேளுங்கள். அம்மாவின் மருந்தைக் குறைத்து அதைக் கட்டிவிடாதீர்கள். பெற்றோருக்குச் செய்யவேண்டியதை 'கொர்பான்', அதாவது காணிக்கை, என்று சொல்லித் தட்டிக் கழித்தவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்று மாற்கு 7-இல் இருக்கிறது.

இன்னொன்று, சகோதரி. நீங்கள் எழுதிய கடிதத்தில் சபையில் யாரிடமாவது நிலைமையைச் சொன்னதாக ஒரு வரிகூட இல்லை. ரோமப் பேரரசர் கிலவுதியு ராயன் காலத்துப் பஞ்சத்தில், அந்தியோகியாச் சீஷர்கள் 'அவரவர் தங்கள் தங்கள் திராணிக்குத்தக்கதாக' பணம் சேர்த்து யூதேயாவுக்கு அனுப்பினார்கள். கொடுத்தவர்களைப் பற்றியே பிரசங்கம் கேட்கிறோம். யூதேயாவில் இருந்தவர்கள் அதை வாங்கிக்கொண்டார்களே, அதுவும் விசுவாசம்தான்.

தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் என் பாட்டி வீட்டில் அடுப்படியில் ஒரு பிடியரிசிப் பானை இருந்தது. சோறு வடிக்கும்போதெல்லாம் ஒரு பிடி அதில் போகும், மாதக் கடைசியில் கோயிலுக்குப் போகும். (மிசோரமிலும் 1910 முதல் இப்படித்தான் பிடியரிசி சேர்த்துச் சபைப் பணிகளுக்குக் கொடுக்கிறார்கள்.) அப்பா வேலை பார்த்த மில் மூடியபோது பாட்டி பிடியை நிறுத்தவில்லை, கையைத்தான் சின்னதாக மூடினார். இரண்டு மாதம் கழித்து உபதேசியார் (சபை ஊழியர்) ஒரு மூட்டை அரிசியோடு எங்கள் வாசலில் நின்றார். அப்பா உள்ளே போய்விட்டார். பாட்டிதான் வாங்கி வைத்தார்: "நாம போட்ட அரிசியும் இதுல கிடக்கும்ல."

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகரிடம் பத்து நிமிடம் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், கணவரையும் கூட்டிப்போங்கள்.