கோடைக்கு விடைகொடுக்கும் திங்கட்கிழமை

கேள்வி: கணவரின் வேலை காரணமாக அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சிற்றூருக்குக் குடிவந்து நான்கு மாதங்களாகின்றன. செப்டம்பர் தொடக்கத்தில் ‘லேபர் டே’ என்று மூன்று நாள் தொடர் விடுமுறை வருகிறது. அக்கம்பக்கத்தார் ஏரி, மலை என்று கிளம்புகிறார்கள். எங்கள் கையிருப்பு அதற்கு இடம்கொடுக்காது. பிள்ளைகள் இருவரையும் ஏமாற்றாமல் அந்த நாளை எப்படிக் கொண்டாடுவது?
— ஒரு வாசகி

பதில்: சிகாகோவில் 1886-இல் நடந்த எட்டு மணி நேர வேலைக்கான போராட்டத்தின் நினைவாகப் பல நாடுகள் மே 1-ஐத் தொழிலாளர் தினமாகக் கொண்டாட, அந்தச் சிகாகோ இருக்கும் நாடோ 1894-இல் சட்டம் இயற்றிச் செப்டம்பரின் முதல் திங்கட்கிழமையைத் தேர்ந்துகொண்டது ஒரு வேடிக்கைதான். இன்று அது பெரும்பாலும் கோடையை வழியனுப்பும் நாளாகிவிட்டது.

தங்கும் விடுதிகள் வாடகையை ஏற்றிவைத்திருக்கும் அந்த மூன்று நாளில் வெளியூர் போகாதவர் எதையும் இழப்பதில்லை. அங்கே பல ஊர்ப் பூங்காக்களில் மர மேசைகளும், காலூன்றி நிறுத்திய இரும்புக் கரியடுப்புகளும் பொதுமக்களுக்காகவே இருக்கின்றன. கூரையுள்ள கொட்டகைக்கு முன்பதிவும் கட்டணமும் தேவைப்படலாம். மரத்தடி மேசையோ முந்தி வந்தவருக்கே என்பதால், காலையிலேயே போய் விரிப்பை விரித்துவிடுங்கள்.

உங்கள் மாநிலத்தில் மக்காச்சோளம் மலிந்து கிடக்கும் பருவமும் அதுவே. சாலையோரப் பண்ணைக் கடைகளில், சிலவற்றில் விற்பவர்கூட இல்லாமல் காசுபோடும் பெட்டி மட்டுமே இருக்கும், அன்று பறித்த கதிர்களை வாங்கி, கரியில் சுட்டு, எலுமிச்சையை உப்பிலும் மிளகாய்த்தூளிலும் தொட்டுத் தேய்த்துக் கொடுத்தால், மெரினா மணலில் நின்று தின்ற நினைவு உங்களுக்கு வரும். பிள்ளைகளுக்கோ அது புதுச் சுவை. அசைவம் உண்பவரானால், நெஞ்சுக்கறியைவிட விலை குறைந்த கோழித்தொடையை முதல்நாள் இரவே தயிரில் ஊறவையுங்கள். கூடவே புளியோதரை போதும். கரியைத் தண்ணீர் ஊற்றி நன்றாக அணைத்து, அதற்கென வைத்திருக்கும் தொட்டியில்தான் கொட்ட வேண்டும்.

பிற்பகலுக்கு நகராட்சி நீச்சல்குளம் இருக்கிறது. பல ஊர்களில் அந்தத் திங்கட்கிழமையோடு குளத்தை மூடிவிடுவார்கள் என்பதால், பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய கொண்டாட்டம் தேவைப்படாது. ஊர்வலம் உண்டா என்பதை நூலக அறிவிப்புப் பலகையில் முந்தின வாரமே பார்த்துவையுங்கள். அன்று நூலகமும் விடுமுறை. மடக்கு நாற்காலி வாங்கும் எண்ணமிருந்தால் மட்டும் சற்றுப் பொறுங்கள். கோடைச் சாமான்களைக் கடைகள் கழிவு விலைக்குத் தள்ளும் காலம் அதன் பிறகுதான்.