செட்டிநாட்டுச் சமையலை விடாமல் ஐபிஎஸ் வயிற்றைச் சமாளிக்க முடியுமா?

கேள்வி இதுதான்: காரைக்குடியில் கூட்டுக்குடும்பம். ஐபிஎஸ் (Irritable Bowel Syndrome, எரிச்சல் குடல் நோய்) என்று டாக்டர் உறுதி செய்துவிட்டார். காரத்தை அடியோடு விட்டு 2 மாதம் ஆகியும் வயிறு ஊதலும், காலையில் 3, 4 தடவை போவதும் நிற்கவில்லை. இனி எதை விடுவது?

காரத்தைக் குறைத்தது நல்லதுதான். மிளகாயில் உள்ள கேப்சைசின் குடல் நரம்பை நேராகச் சீண்டும். எரிச்சலும் வலியும் அதனால் வரலாம். ஆனால் ஊதலுக்குப் பெரும்பாலும் மிளகாய் காரணமில்லை. மிளகாய் குறைந்த அதே குழம்பில் ஒரு பிடி சின்ன வெங்காயமும் பத்துப் பல் பூண்டும் அப்படியே இருந்திருக்கும். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

வெங்காயம், பூண்டு, கோதுமை மூன்றிலும் ஃப்ரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. அதை உடைக்கும் என்சைம் மனிதக் குடலில் யாருக்குமே கிடையாது. சிறுகுடலைத் தாண்டி அப்படியே பெருங்குடலுக்குப் போகும். அங்கே பாக்டீரியா அதைப் புளிக்க வைத்து வாயு உண்டாக்கும். பருப்பு, பயறு வகைகளில் உள்ள கேலக்டோ ஒலிகோசாக்கரைடும் இதே ரகம். பாலின் லாக்டோஸ், மாம்பழத்தின் கூடுதல் ஃப்ரக்டோஸ், காளானின் மேனிட்டால் எல்லாவற்றையும் சேர்த்து ஃபாட்மேப் என்பார்கள். மெல்பர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தார் இதை வைத்து உருவாக்கிய உணவுமுறையைத்தான் இப்போது ஐபிஎஸ்-க்குப் பரவலாகச் சொல்கிறார்கள். வாயு எல்லோருக்கும் வரும். ஐபிஎஸ் உள்ளவரின் குடல் வாயுவால் வரும் விரிவை வலியாக உணர்கிறது, அதுதான் வித்தியாசம்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் பேதி, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தொந்தரவு, குடும்பத்தில் குடல் புற்றுநோய் இவற்றில் ஒன்று இருந்தாலும் உணவுமுறையைத் தள்ளிவைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள். சீலியாக் (கோதுமையின் குளூட்டன் புரதத்தால் குடல் பாதிக்கும் நோய்) ரத்தப் பரிசோதனை எடுக்கவில்லை என்றால் கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். நிறுத்திய பிறகு எடுத்தால் நோய் இருந்தும் இல்லை என்று காட்டலாம்.

இனி குழம்பு. ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. செட்டிநாட்டு அடுப்படிக்கு இந்த ஒரு விஷயம் போதும், பாதிப் பிரச்சினை தீரும். 4 மேசைக்கரண்டி நல்லெண்ணெயைக் காய வைத்து, தீயைக் குறைத்து, ஈரம் துடைத்த முழுப் பூண்டு 8 பல், முழுச் சின்ன வெங்காயம் 10 போடுங்கள். பூண்டின் ஓரம் பொன்னிறமாகி வாசனை எழும்ப 5 நிமிடம் ஆகும். ஒன்று விடாமல் அரித்து எடுத்துத் தட்டில் வையுங்கள். அதே எண்ணெயில் வெந்தயம், சோம்பு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, ஒரு தக்காளியை வதக்கி, கத்தரிக்காய் சேர்த்து, அதன் பிறகுதான் புளித்தண்ணீர். குழம்பு கொதித்து எண்ணெய் பிரிந்ததும் உங்கள் பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்துவிட்டு, தட்டில் இருக்கும் வெங்காயம் பூண்டைப் பெரிய சட்டியில் போட்டு இன்னும் ஒரு கொதி விட்டால் வீட்டாருக்கு வழக்கமான குழம்பு. இரண்டு சமையல் வேண்டாம்.

இதில் தவறு நடக்கும் இடங்கள் மூன்று. பூண்டைத் தட்டிப் போட்டால் துணுக்குகள் எண்ணெயிலேயே தங்கிவிடும். குழம்பு கொதித்த பிறகு, இலையில் வெங்காயத்தை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுவதில் பயனில்லை. சர்க்கரை ஏற்கெனவே புளித்தண்ணீரில் இறங்கிவிட்டது. கடையில் வாங்கும் மசாலாப் பொடியில் வெங்காயப் பொடியும் பூண்டுப் பொடியும் கலந்திருக்கலாம், பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். இன்னொன்று: பூண்டு எண்ணெயை மொத்தமாகக் காய்ச்சி வெளியில் வைக்காதீர்கள். காற்றில்லாத எண்ணெய்க்குள் பாட்டுலிசம் நச்சுக் கிருமி வளரும். அன்றன்றைக்குக் காய்ச்சுவதே நல்லது.

கல்பாசி, பட்டை, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ எல்லாம் குழம்பில் சேர்க்கும் அளவில் பயப்பட ஒன்றுமில்லை. குருமாவுக்கு முந்திரி அரைப்பதுதான் பிரச்சினை. தேங்காய் 2 மேசைக்கரண்டியும் கசகசா 1 தேக்கரண்டியும் அரைத்துவிடுங்கள். கோலா உருண்டைக்கும் முறுக்குக்கும் சேர்க்கும் பொட்டுக்கடலையும் பயறு வகைதான் என்பது பலருக்கு நினைவு வருவதில்லை.

பருப்பில் ஒரு பொறி இருக்கிறது. "பருப்பு வேண்டாம், தண்ணி மட்டும் போதும்" என்று பருப்புத் தண்ணி ரசம் ஊற்றிக்கொள்வார்கள். வாயு தரும் சர்க்கரை இறங்குவதே அந்தத் தண்ணீரில்தான். துவரம்பருப்பை 6 மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டி, நிறையத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அதையும் வடித்துவிட்டு, வெந்த பருப்பில் 2 மேசைக்கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள். ரசத்தை மிளகு, சீரகம், புளி, தக்காளியோடு நிறுத்துங்கள்.

அரிசி உங்களுக்குத் துணை. இட்லியில் உளுந்து நாலில் ஒரு பங்குதான், அதுவும் புளித்த மாவு. 3 இட்லி பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். இடியாப்பத்தில் கவலையே இல்லை. வெள்ளைப் பணியாரத்துக்கு ஆழாக்கில் பச்சரிசியைத் தலைதட்டி, அதன் மேல் கோபுரமாக உளுந்து என்பதுதானே கணக்கு? அங்கேயும் உளுந்து குறைவு. எண்ணெய்ப் பலகாரம் என்பதால் 2 போதும். தொட்டுக்கொள்ளும் வரமிளகாய்ச் சட்டினியில்தான் சின்ன வெங்காயமும் பூண்டும் பச்சையாக அரைபடுகிறது. அதற்குப் பதில் தேங்காயும் வறுத்த நிலக்கடலையும் அரையுங்கள். பழைய சோறும் அப்படித்தான்: சோற்றின் மேல் பழி விழும், கூடக் கடித்த 5 சின்ன வெங்காயத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

காய்களில் கத்தரிக்காய், வெண்டைக்காய், பீன்ஸ், கேரட், உருளைக்கிழங்கு ஒரு வேளைக்கு ஒரு சிறு கிண்ணம் தாராளமாக ஆகும். அரிசி கழுநீரில் வைக்கும் வெண்டைக்காய் மண்டி, மேலே சொன்ன எண்ணெய் முறையில் அருமையாக வரும். மொச்சை மட்டும் போடாதீர்கள். காலிஃப்ளவர், காளான் வேண்டாம். பழத்தில் பப்பாளி, ஆரஞ்சு, அன்னாசி, அளவாக. மாம்பழமும் தர்பூசணியும் பிறகு சோதித்துப் பார்க்க வேண்டியவை. நன்றாகக் கனிந்த வாழைப்பழத்தில் ஃப்ரக்டான் கூடும், அதனால் கனிந்தும் கனியாத பழமாக எடுங்கள்.

காலையில் வெறும் வயிற்றில் பால் காப்பி குடித்ததும் ஓடுகிறீர்களா? காப்பியே பெருங்குடலை அசைக்கும், பாலின் லாக்டோஸ் அதோடு சேர்கிறது. இட்லிக்குப் பிறகு அரை டம்ளராக மாற்றிப் பாருங்கள். நார்ச்சத்துக்காகக் கோதுமைத் தவிடு சேர்க்க வேண்டாம், வலி கூடலாம். இசப்கோல் உமி நல்லது: 1 தேக்கரண்டி, முழு டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடிப்பது. 10 நாளுக்கு ஒருமுறை சிறிது கூட்டலாம். மலச்சிக்கல், பேதி இரண்டு வகைக்கும் பொருந்தும்.

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று குறித்து வைக்கும்போது கடைசியாகச் சாப்பிட்டதையே குற்றம் சொல்லாதீர்கள். சாப்பிட்ட அரை மணிக்குள் ஓட வைப்பது அநேகமாக அளவும் எண்ணெயும். வயிறு நிறைந்ததும் பெருங்குடல் தானாக அசைகிறது. ஃப்ரக்டான் ஊதல் பல மணி நேரம் கழித்து வரும். காலை ஊதலுக்கு முந்தின நாள் இரவுக் குழம்பைப் பாருங்கள்.

இதெல்லாம் 4 வாரத்துக்குத்தான், அதிகபட்சம் 6. அதற்குள் ஒரு மாற்றமும் இல்லை என்றால் இந்த முறை உங்களுக்கானது அல்ல; பழைய சாப்பாட்டுக்குத் திரும்பி டாக்டரிடம் வேறு வழி கேளுங்கள். தொந்தரவு குறைந்தால், விட்ட பொருள்களைக் கட்டாயம் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பலர் இந்த இடத்தில் பயந்து நின்றுவிடுகிறார்கள், வருஷக்கணக்கில் ரசமும் சோறுமாக மெலிந்துபோகிறார்கள். இந்தச் சர்க்கரைகள் நல்ல பாக்டீரியாவுக்கும் தீனி என்பதால் நிரந்தரமாக விலக்குவது குடலுக்கும் நல்லதல்ல.

ஒரு வாரத்துக்கு ஒரே பொருள். முதல் நாள் குழம்பில் ஒரு சின்ன வெங்காயம், மறுநாள் 3, மூன்றாம் நாள் 6. வலி வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பிறகு 3 நாள் சும்மா இருந்து வயிறு அமைதியானதும் அடுத்தது: பூண்டு அரைப் பல், ஒன்று, இரண்டு. அடுத்து பால் அரை டம்ளர், முக்கால், ஒன்று. அடுத்து துவரம்பருப்பு, சப்பாத்தி, மாம்பழம். வெங்காயம் ஆகவில்லை என்பதற்காகப் பூண்டையும் சப்பாத்தியையும் சோதிக்காமல் விடாதீர்கள். மூன்றும் ஃப்ரக்டான் என்றாலும் அளவும் ரகமும் வேறு. சோதனை வாரத்தில் கல்யாண விருந்து வந்தால் அந்த வாரத்தைக் கணக்கில் சேர்க்காமல் அடுத்த வாரம் முதலிலிருந்து தொடங்குங்கள்.

3 வெங்காயம் வரை தாங்குகிறது என்று தெரிந்துவிட்டால், குழம்பில் 3 போட்டே சாப்பிடுங்கள். தாங்காத பொருளை 3 மாதம் கழித்து மறுபடி சோதியுங்கள், தாங்கும் அளவு மாறியிருக்கலாம்.